மெத்ரானோவின் ரோமம்

பதினாறு வருடம்
தரைக்கடியில் உட்கார்ந்து டிக்கெட் விற்றேன்.
கண்ணாடியில் கை நுழையுமளவு ஒரு வளைவு, அவ்வளவுதான்.
ஆட்களைத் தெரியாது எனக்கு, கைகளைத் தெரியும்:
நகச்சாயம் பாதி உரிந்த கை
மாவு காயாத ரொட்டிக்கடைக் கை
மோதிரம் கழற்றிய இடம் வெளுத்திருந்த கை
மீதிச் சில்லறையை விட்டுவிட்டு ஓடுகிற கை.
புவனஸ் ஐரிஸில் முகம் பார்க்க
யாருக்கு நேரமிருந்தது.

இங்கே இருநூற்றுப் பன்னிரண்டு முகங்கள்.
கை ஒன்றுகூட இல்லை.

டிக்கெட்டுக்குப் பதில் அட்டை வந்தது,
சன்னலைப் பலகை வைத்து அடைத்தார்கள்.
அதே மாதம் ஒஸ்மாரின் சித்தப்பா இறந்து
சுபுத் மேட்டில் நிலத்தையும் மந்தையையும்
காற்றையும் எங்களுக்கு விட்டுப்போனார்.
நிலம் பழகிவிட்டது. மந்தையும்.
காற்றோடு இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.

ஆட்டுக்குப் பெயர் வைக்காதே என்றான் ஒஸ்மார்,
தின்னும்போது தொண்டையில் நிற்கும்.
நான் வைக்கவில்லை.
ராத்திரி தூக்கம் வராமல்
ரயில் நிற்கும் இடங்களை வரிசையாய்ச் சொல்வேன்.
ஒருநாள் பட்டியருகே வாய்விட்டுச் சொன்னேன்:
ஃப்ளோரிதா, உருகுவாய், கஷாவோ, பஸ்தேர்,
மெத்ரானோ,
என்றதும் ஒரு சாம்பல்நிறப் பெட்டை
தலையைத் தூக்கிப் பார்த்தது.
என் தவறா அது?

நகரம் என்றால் என்னவெல்லாமோ கேட்கிறார்கள் இங்கே.
கோபுரம், கடைத்தெரு, நடனம்.
எனக்கு வேண்டியது
மழைக்கு மறுநாள் நடைபாதையில்
ஒரு பக்கம் கழன்ற கல் ஓடு.
தெரியாமல் மிதித்தால்
முழங்கால்வரை அழுக்குத் தண்ணீர்,
வாய் நிறைய வசவு,
எதிரே வருபவர் சிரிப்பு.
அங்கே ஆடும் ஓடு
இங்கே ஓடும் ஆடு
என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு
வேலி கட்டுகிறேன்.

போன செப்டம்பரில் பருவம் தப்பிய பனி.
விடியும்போது
மெத்ரானோ குட்டியின்மேல் கவிழ்ந்து கிடந்தது.
குட்டிக்கு உயிர் இருந்தது.
ஒஸ்மார் குழி தோண்டப் போனான்.
நான் கத்தரியை எடுத்துவந்தேன்.
விறைத்த உடம்பிலிருந்து ரோமம் வாங்குவதுபோல்
கொடுமை வேறில்லை. விடவும் மனமில்லை.
கழுவி உலர்த்தியபோது பார்த்தேன்,
மழையில் நனைந்த தார்ச்சாலையின் நிறம்.

வருடம் முழுக்க நூற்றேன்.
ராட்டையின் மிதிகட்டைக்கு ஒரு சத்தம் உண்டு,
தூரத்து வளைவில் ரயில் திரும்புவதுபோல்.
கால் அதில் விழுந்துவிட்டால்
நூல் தானாக வரும், சீராக வரும்.
ஒருமுறை என்னையறியாமல்
"அடுத்தவர்" என்று குரல் கொடுத்திருக்கிறேன்.
நாய் எழுந்து வந்தது.

அதைப் பின்னித் தங்கை நில்தாவுக்கு அனுப்பினேன்.
கழுத்துப் பக்கம் கொஞ்சம் கோணல்.
கை நீளம்.

நேற்று அவளிடமிருந்து ஒரு குரல்செய்தி.
தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறி நின்றால்தான்
செல்பேசிக்குச் சிக்னல்.
குட்டியும் பின்னாலேயே ஏறியது.
குட்டி என்கிறேன், என் இடுப்புயரம் இப்போது,
பெயர் இல்லை இன்னும்.

அவள் ஒன்றும் பேசவில்லை.
கதவு மூடுகிற சத்தம்.
இரும்பு உரசல்.
யாரோ ஒருவர் பேனா விற்கிறார், மூன்று வாங்கினால் ஒன்று இலவசம்.
பிறகு அறிவிப்புக் குரல்:
மெத்ரானோ.

தார்ச்சாலை நிறத்தில்
ஓர் ஆடு
தன் பெயருள்ள இடத்தில் நின்று
கதவு திறந்து மூடி
நகர்ந்து போயிற்று.

குட்டி என் காலணிக் கயிற்றை மென்றுகொண்டிருந்தது.

செய்தி முடியும் தறுவாயில் நில்தா தும்மினாள்.
வசந்தம் வந்துவிட்டது அங்கே,
தெருவோர மரங்கள் பஞ்சு உதிர்க்கத் தொடங்கியிருக்கும்.
அல்லது என் கம்பளிதானோ என்னவோ.

ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டருக்கு இப்பாலிருந்து
நூறு ஆயுசு என்றேன்.
காற்று வாங்கிக்கொண்டது
எதிர்த்திசையில்.